விழுப்புரம் போய் அந்நிய தேசத்தவள் ஆனேன்

ஜப்பான்காரன் யுத்தத்தில் இறங்கிய பிறகு வந்த ஆடி மாதம். ஒரு புதன்கிழமை காலை ஐந்தரை மணிக்கு நானும் என் கணவரும் திண்டிவனத்தில் பஸ் ஏறினோம். விழுப்புரம் இருபத்து மூன்று மைல், ஆளுக்கு எட்டணா. வழக்கமாக ரயிலில்தான் போவோம். அந்த வாரம் காலைப் பாசஞ்சரைப் பட்டாளத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். பெட்ரோல் கிடைக்காத காலமாதலால் பஸ்ஸின் முதுகில் ஆள் உயர இரும்பு உலை ஒன்றைக் கட்டி, அடுப்புக்கரி எரித்து, அந்த வாயுவில் வண்டி ஓட்டினார்கள். கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம் ஓர் ஆள் விசிறிச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் பயணத்துக்குக் காரணம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்த ஒரு நோட்டீஸ். என் கணவர் பாண்டிச்சேரிக்காரர். திண்டிவனத்தில் ஒரு மோட்டார் ஷெட்டில் மெக்கானிக். பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரனுடையது, திண்டிவனம் வெள்ளைக்காரனுடையது என்றாலும், அங்கே பிறந்தவர்கள் இங்கே வந்து வேலை பார்ப்பதை யாரும் கேட்பதில்லை. அதனால் ஸ்டேஷனில் ஏட்டையா முதலில் சிரித்துவிட்டு, போகச் சொன்னார். பிறகு பிறப்புப் பத்திரத்தைப் பார்த்தார். பிறந்த ஊர் சைகோன் என்று இருந்தது. என் மாமனார் அங்கே ஒரு பாங்கில் காவல் வேலை பார்த்தவர். அவர் இறந்த பிறகுதான், பதினொரு வயதில், என் கணவர் கப்பலில் பாண்டிச்சேரிக்கு வந்தார். சைகோன் இப்போது ஜப்பான்காரன் கையில் இருக்கிறது. ஏட்டையா சிரிப்பை நிறுத்திவிட்டு, கடலூரிலிருந்து அதிகாரி ஒருவர் புதன்கிழமைகளில் விழுப்புரம் வருவதாகவும், பிறப்புப் பத்திரமும் கல்யாணப் பத்திரமும் எடுத்துக்கொண்டு மனைவியோடு போய் அவரைப் பார்க்கும்படியும் சொன்னார்.

மனைவியோடு என்றது சாட்சிக்கு என்று நினைத்தேன். நான் ஒலக்கூரில் பிறந்தவள். திண்டிவனத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். எனக்கு என்ன விசாரணை இருக்கப்போகிறது?

ஏழு மணி சுமாருக்குக் கூட்டேரிப்பட்டைத் தாண்டினோம். இடது பக்கம் மயிலம் மலை தெரிந்தது. சாலையின் இருபுறமும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகள். மழை பெய்து நான்கைந்து நாள் ஆகியிருந்ததால் செம்மண் கெட்டிப்பட்டு, களை எடுக்கிற பெண்கள் களைக்கொத்தை ஓங்கி ஓங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். விக்கிரவாண்டிக்கு மூன்று மைல் இருக்கும்போது வண்டி இருமி நின்றது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, நேராக எங்கள் ஜன்னலுக்கு வந்தார். அந்தச் சாலையில் ஓடும் டிரைவர்கள் எல்லாருக்கும் என் கணவரைத் தெரியும்.

"மேஸ்திரி, இது பேஜாரா கீது. கொஞ்சம் ஜல்தியா பாத்துக் குடுங்க."

அன்றைக்கென்று என் கணவர் வெளுத்து வாங்கிய சட்டை போட்டிருந்தார். வேண்டாமென்று அவர் முழங்கையைப் பிடித்தேன். அவர் உலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளியைத் தெருவில் கண்ட வைத்தியரைப் பிடித்து வைக்க முடியுமா? சட்டையைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு இறங்கிப்போனார். வடிகட்டியில் சாம்பல் அடைத்திருந்ததாம். முக்கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பியது. சட்டை தப்பியது. கைகள்தான் முழங்கை வரை கறுத்துவிட்டன. விக்கிரவாண்டியில் கிணற்றடியில் மண் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கரி நின்றது.

ஒன்பதரைக்கு விழுப்புரம். ரயில்கள் நான்கு திக்கிலிருந்தும் வந்து கூடுகிற ஊராதலால் எந்நேரமும் ஜனம் இறங்கிக்கொண்டும் ஏறிக்கொண்டும் இருக்கிறது. அன்று பாதிப் பேர் காக்கி உடுப்பில் இருந்தார்கள். அதிகாரி உட்கார்ந்திருந்தது ரயில் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடையில் ஓர் ஓட்டுக் கட்டடம். எங்களுக்கு முன்னால் ஆறு பேர். பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள்.

அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடி போட்டவர், மெதுவாகப் பேசுகிறவர். பிறப்புப் பத்திரம் பிரெஞ்சில் இருந்ததால் என் கணவரையே படிக்கச் சொல்லிக் கேட்டார். என்ன வேலை என்று கேட்க வாயெடுத்தவர், கைகளைப் பார்த்துவிட்டு அவரே எழுதிக்கொண்டார். பாண்டிச்சேரியில் பிறந்திருந்தால் இந்தத் தொந்தரவே இல்லை, சைகோனில் பிறந்தவர்களுக்கு அந்த விலக்கு கிடையாது, பதிவு செய்தே ஆக வேண்டும் என்று விளக்கினார். படம் கொண்டுவந்திருக்கிறீர்களா என்றார். கல்யாணப் படத்தை நீட்டினேன். அதில் இருவரும் சேர்ந்து நின்றோம். சேர்ந்து நிற்கிற படம் செல்லாதாம். தனித்தனியாக எடுத்து, மூன்று மூன்று பிரதி கொண்டுவர வேண்டும்.

"எனக்கு எதுக்குங்க?" என்றேன்.

எதற்கும் எடுத்து வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, மூன்று மணிக்கு வரச் சொன்னார். இதே காரியமாகப் போகிறவர்கள் படத்தை ஊரிலேயே எடுத்துக்கொண்டு போவது நல்லது. ஸ்டேஷன் எதிரே இருந்த ஸ்டூடியோக்காரருக்கு இது புதன்கிழமைதோறும் வருகிற அவசரம் போலிருக்கிறது; எங்களைப் பார்த்ததுமே, "பதிவுக்கா?" என்று கேட்டுவிட்டு, நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போட்டுவிட்டார். சிரிக்கக் கூடாது, தலை சாயக் கூடாது. முதலில் அவர் உட்கார்ந்தார், பிறகு நான். பிரதிகள் காய்கிற வரை மூன்றாம் வகுப்புப் பிரயாணிகள் கூடத்தில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைச் சாப்பிட்டோம். அவர் நன்றாகச் சாப்பிட்டார். நான் என் பங்கில் பாதியை அவர் பக்கம் தள்ளினேன்.

மூன்று மணிக்கு இருவரையும் தனித்தனியே விசாரித்தார்கள். முதலில் அவர், கால் மணி நேரம். பிறகு அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னை அழைத்தார்கள். கல்யாணம் எந்த மாதா கோயிலில் நடந்தது, வீட்டுக்கு எத்தனை வாசல், அவருக்கு எந்தப் பக்கத்துப் பல் இல்லை, காலையில் யார் முதலில் எழுந்திருப்பது என்றெல்லாம் கேட்டார். நான்தான் என்றேன். அதிகாரி ஏனோ மீசைக்குள் சிரித்துக்கொண்டார். பிறகு இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"டீச்சரம்மா, ரெண்டு பேரு இருக்குது பாருங்க. பிறப்புப் பத்திரத்துல பிரான்சுவா. கோயில் பதிவுல பிரான்சிஸ். ரெண்டும் ஒரே ஆளுன்னு இந்தக் காகிதம் சொல்லல. நீங்கதான் சொல்லணும்."

"ஒரே ஆளுதாங்க. எங்க சாமியாருக்கு இங்கிலீஷ்தான் வரும். அந்தப் பேர அப்படி எழுதிட்டாரு."

"அவசரப்படாதீங்க," என்று சொல்லிவிட்டு, அவர் பேனாவை மூடி வைத்தார்.

அவர் சொன்னதை என்னால் ஆனமட்டும் சொல்கிறேன். சட்டப்படி, பெண் எந்த தேசத்துக்காரனைக் கட்டுகிறாளோ அந்த தேசத்தவள். அந்த பிரான்சுவாவும் இந்த பிரான்சிஸும் ஒருவரே என்று நான் எழுதிக் கொடுத்தால், என் கணவர் மனைவியும் வீடும் உள்ளவராகத் திண்டிவனத்திலேயே இருக்கலாம். வாரம் ஒருநாள் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் நானும் பிரெஞ்சுக்காரி ஆகிவிடுவேன். அந்நிய தேசத்தவளுக்குப் பள்ளிக்கூடத்தில் உத்தியோகம் நிலைக்குமா என்பதற்கு அவர் உத்தரவாதம் சொல்ல முடியாது. பெயர் பொருந்தவில்லை, கல்யாணம் ருசுவாகவில்லை என்று எழுதிவிட்டால் எனக்கு ஒரு கெடுதலும் இல்லை. என் கணவர் மட்டும் தனியாளாகப் பதிவாகி, பதினைந்து நாளில் பாண்டிச்சேரிக்குத் திரும்ப வேண்டும். யுத்தம் முடிகிற வரை இந்தப் பக்கம் வர அனுமதி கிடைப்பது கஷ்டம்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். வெளிய போய் யோசிச்சிட்டு வேணும்னாலும் வாங்க."

நான் எழுந்திருக்கவில்லை. எங்கள் தெருவில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண் நான். என்னைப் படிக்கவைக்க என் அம்மா அடுத்தவன் கொல்லையில் மல்லாட்டை ஆய்ந்து ஆய்ந்து விரல் வளைந்துபோனவள். அந்த வேலை போனால் நானும் கொல்லைக்குத்தான் போக வேண்டும். ஜன்னல் வழியாக பெஞ்சு தெரிந்தது. அவர் ஒரு தீக்குச்சியை வைத்து நகக்கண்ணில் இருந்த கரியை ஒவ்வொரு விரலாக எடுத்துக்கொண்டிருந்தார். அதிகாரிக்கு முன் சுத்தமாக இருக்க வேண்டுமே என்ற கவலை அவருக்கு. வெளியே போய்க் கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் போகவில்லை.

"அவருதாங்க இவரு. எழுதிக்குங்க."

"கையெழுத்துப் போட்டா அப்புறம் மாத்த முடியாதும்மா."

போட்டேன். எனக்கென்று ஒரு ஃபாரம் நிரப்பினார்கள். பிறந்த ஊர் என்ற இடத்தில் ஒலக்கூர் என்று எழுதினார் அதிகாரி. அதற்கு அடுத்த கட்டத்தில், தேசம் என்ற இடத்தில், பிரான்ஸ் என்று எழுதினார். மேலே என் தனிப்படத்தை ஒட்டினார். பசை காய்கிற வரை நானும் அதிகாரியும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐந்து மணிக்குத் திண்டிவனம் போகிற பாசஞ்சர். உட்கார இடம் கிடைத்தது. முண்டியம்பாக்கம் தாண்டியதும் நடந்ததைச் சொன்னேன். அவர், பக்கத்தில் இருந்தவர்கள் காதில் விழாதபடி, "என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே தங்கம்" என்றார். தான் பாண்டிக்குப் போயிருப்பேன் என்றும், அங்கேயும் மோட்டார் ஓடத்தான் செய்கிறது என்றும், தன் ஒருவனுக்காக என் படிப்பை நான் கொண்டுபோய்க் கொட்டிவிட்டேன் என்றும் சொன்னார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது கல்யாணமான மூன்று வருஷத்தில் அதுவே முதல் தடவை. நானும் விடவில்லை. உங்களைக் கேட்டிருந்தால் போகிறேன் என்றுதானே சொல்லியிருப்பீர்கள், பிறகு எனக்குச் சொல்ல என்ன இருந்திருக்கும் என்றேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பேரணி ஸ்டேஷனில் வண்டி எதிர்வண்டிக்காக நின்றது. காற்று இல்லை. அப்போது அவராகவே, உன்னிடம் என்னென்ன கேட்டார்கள் என்றார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். கோயில் சரியாக இருந்தது. வாசல் சரி. பல் சரி.

"காலைல யாரு முதல்ல எழுந்திரிக்கிறதுன்னு கேட்டாங்க," என்றேன். "நான்தான்னேன்."

அவர் திரும்பினார். "நானும் நான்தான்னுதான் சொன்னேன்."

அதிகாரி சிரித்த காரணம் அப்போதுதான் விளங்கியது. சிரிப்பை அடக்க நான் முந்தானையைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் மயிலம் வருவதற்குள் என் மடியில் இருந்த கட்டுச்சோற்றுக் கூடையைத் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஏழு மணிக்குள் வீடு வந்துவிட்டோம்.

அப்புறம் வேலை என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: மறுநாளே பள்ளிக்கூடத்துத் தலைமை சிஸ்டரிடம் காகிதத்தைக் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, பக்கத்து ஜில்லாவில் இருந்த தம் மேலாளருக்கு எழுதினார். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. என்னை அனுப்பவில்லை. தற்காலிக டீச்சர் என்று மாற்றி எழுதினார்கள். சம்பள உயர்வு யுத்தம் முடிகிற வரை நின்றது. அவ்வளவோடு போயிற்று. அவர் திங்கட்கிழமைதோறும் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவந்தார். போகிற நாளில் ஏட்டையாவின் சைக்கிளுக்கும் எண்ணெய் போட்டுவிட்டு வருவார். இது சமாதானம் வந்த வருஷம் வரை நடந்தது.

இன்னொரு விதியும் இருந்தது. எங்கள் இருவரில் யார் வெளியூரில் இரவு தங்கினாலும் ஸ்டேஷனில் சொல்லி, சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். விழுப்புரம் போய்வந்த மூன்றாவது நாள், சனிக்கிழமை, அம்மாவுக்கு நேரில் சொல்ல ஒலக்கூருக்குக் கிளம்பினேன். திண்டிவனத்திலிருந்து எட்டு மைல். ரயிலில் அடுத்த ஸ்டேஷன். எங்கே போகிறீர்கள், எதற்கு என்று ஏட்டையா கேட்டார். எங்கள் வீட்டுக்கு என்றேன். அவருக்கும் எழுதச் சங்கடமாக இருந்தது. திங்கள் காலை வரை ஒலக்கூரில் தங்கலாம் என்று எழுதி முத்திரை வைத்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் ஒலக்கூருக்குப் போனதெல்லாம் காலையில் போய்ச் சாயந்திரம் திரும்புகிற போக்குதான். நோட்டுப் புத்தகம் திருத்த வேண்டும், அவருக்குச் சோறு ஆக்க வேண்டும் என்று ஏதாவது சொல்லி எழுந்துவிடுவேன். அன்று அம்மா கொல்லையிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். பிரான்ஸ் என்பதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. வேலை போகுமா என்றாள். தெரியவில்லை என்றேன். புருஷன் இருக்கிறாரா என்றாள். இருக்கிறார் என்றேன். அடுப்பில் கேப்பைக் களிக்கு உலை வைத்துவிட்டு வந்து, சீட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"இதுல எத்தினி நாளு இருக்கலாம்னு எழுதிக்கீறாங்க?"

"திங்கக்கெழம காலைல வரைக்கும்மா."

"அப்ப திங்கக்கெழம காலைலதான் போவணும். சர்க்காரு எழுதினது."

சொல்லிவிட்டுச் சீட்டை நான்காக மடித்தாள். தன் சுருக்குப்பையில் வைத்து இழுத்துக் கட்டி, இடுப்பில் செருகிக்கொண்டாள். திங்கட்கிழமை விடிந்து, ரயிலடியில் வண்டி வந்து நின்ற பிறகுதான் அதை என் கையில் கொடுத்தாள்.