சம்மனசுக் குரலும் கிணற்று மெட்டும்

திண்டுக்கல்லில் சூசைராஜைவிட நன்றாகக் கிளாரினெட் வாசித்தவர்கள் இருந்திருக்கலாம். அவனைவிட நன்றாகப் புளுகியவன் ஒருவனும் இல்லை. அவனுடைய பேண்டு செட்டில் பெரிய டிரம்மை வயிற்றில் கட்டிக்கொண்டு பத்து வருஷம் நடந்தவன் நான், கருப்பணன். எனக்குத் தெரியாதா?

பகலில் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்ப்பான். சாயங்காலம் குளித்துவிட்டுக் கிளாரினெட்டும் கையுமாக வந்து நிற்பான். கலியாண வீடுகளில் கேட்ட பாட்டையெல்லாம் வாசிப்பான், ஆனால் மனசு அதில் இருக்காது. சினிமாவில் யாராவது அழும்போதும் ஓடும்போதும் பின்னாலே வாத்தியம் வருகிறதே, அதில்தான் அவனுக்குப் பைத்தியம். கொட்டகைக்குள் உட்கார்ந்தால் விசில் சத்தத்தில் ஒரு இழவும் கேட்காது. அதனால் டூரிங் டாக்கீஸின் திரைக்குப் பின்பக்கம், படுதாவுக்கு வெளியே, முதல் ஆட்டத்துக்குப் போய்க் குந்திவிடுவோம். நாலு நாளில் மெட்டு விரலுக்கு வந்துவிடும். படத்தை மட்டும் கண்ணால் பார்த்தது கிடையாது.

இன்னொரு பைத்தியம் பெருமாள்சாமியின் மைக் செட்டால் வந்தது. மைக்கைக் குழாய் ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் 'கூ' என்று கத்துமே, ஊரே காதைப் பொத்துமே, அந்தக் கத்தல் இவனுக்குப் பிடித்துப்போயிற்று. மைக்கை ஒரு சாண் முன்னே பின்னே ஆட்டி, கத்தலை ஏற்றி இறக்கி, கிளாரினெட்டுக்குத் துணையாக்கிவிட்டான். பெட்டி எரிந்துபோகும் என்று பெருமாள்சாமி தலையில் அடித்துக்கொண்டார்.

இதெல்லாம் அவன் பாடு. ஆனால் அறுபத்திரண்டாம் வருஷம் அவன் ஆனந்தமேரியைக் கட்ட ஆசைப்பட்டான். அவளுக்கும் சம்மதம். அவள் அம்மா செபாஸ்தியம்மாள் பூ மார்க்கெட்டில் மல்லிகை வியாபாரம் செய்கிறவள். ஜெபமாலை கையைவிட்டு இறங்காது. சினிமா பார்ப்பது பாவம், சினிமா மெட்டு ஊதுகிறவன் வாசலை மிதிக்கவே கூடாது என்பது அவள் கட்சி. மகள் அழுது அடம்பிடித்ததில் கொஞ்சம் இறங்கி வந்தாள். வடமதுரையில் அவள் அண்ணன் மகனுக்குக் கலியாணம் வந்தது. ஊர்வலம் முழுக்கச் சினிமா வாடை இல்லாமல் வாசித்தால் பெண், ஒரு மெட்டு வந்தாலும் கிடையாது என்று சொல்லிவிட்டாள்.

நாலு மாதா பாட்டை வாசித்துவிட்டுப் பெண்ணைக் கட்டியிருக்கலாம். அதுதானே புத்தியுள்ளவன் செய்கிற காரியம்? இந்த மடையனுக்கு மாமியாரை அசத்தவேண்டும் என்று ஆசை. செம்பட்டி டாக்கீஸுக்குப் பின்னால் பிடித்த ஒரு மெட்டை எடுத்தான்.

"பாட்டுன்னாத்தானேலே கண்டுபிடிப்பாக? இது வெறும் வாத்தியம். அதுவும் அத்தைக்கு என்னத்தத் தெரியும்?"

செபாஸ்தியம்மாளிடம் போய், சொந்தமாகப் புது மெட்டுக் கட்டியிருப்பதாகவும், நடுவில் சம்மனசின், அதுதான் தேவதூதரின், குரலே கேட்கும் என்றும் கூசாமல் அளந்துவிட்டு வந்தான்.

காலையில் கோவில் பூசை முடிந்து ஊர்வலம் கிளம்பியது. கிளாரினெட் அடிக்குரலில் தொடங்கியது. நான் விட்டுவிட்டு அடித்தேன். பின்னால் மாட்டுவண்டியில் இருந்த பெருமாள்சாமி மைக்கை ஆட்ட, சம்மனசு 'கூ' என்று எழுந்தது. அடடா, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இளவட்டங்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாப்பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தான். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

முன்னால் போன செபாஸ்தியம்மாள் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாள்.

"ஏலே, நிப்பாட்டு. மாமியாகாரி கெணத்துல விழுந்து செத்து, பேயா எந்திரிச்சு வார எடத்துல போடுற மெட்டுலே இது. யாரை ஏமாத்தப் பாக்குற?"

என் கை அப்படியே நின்றது. சூசைராஜின் முகம் செத்துவிட்டது. பெண் போச்சு என்றுதான் நானும் நினைத்தேன். அப்போது ஆனந்தமேரி மெதுவாகக் கேட்டாள்.

"ஏம்மா, அந்தப் படத்த நீ எப்பப் பாத்த?"

தங்கச்சிக்கு மேலுக்கு முடியவில்லை என்று, நாங்கள் மெட்டுப் பிடித்த அதே மாசம், நாலு தடவை செம்பட்டிக்குப் போய்வந்தவள் செபாஸ்தியம்மாள். நாங்கள் படுதாவுக்கு வெளியே குந்தியிருக்க, அந்த மகராசி உள்ளே உட்கார்ந்திருக்கிறாள்! சொந்தபந்தம் எல்லாம் அவளையே பார்த்தது. பாவம், ஜெபமாலையைச் சேலைக்குள் ஒளித்தாள்.

சூசைராஜ் ஓர் அடி முன்னால் வந்தான்.

"அத்தை எங்க படம் பாத்தாக? நாந்தான் போன வாரம் அந்தக் கதையச் சொன்னேன்."

படத்தையே பார்க்காத பயல் கதை சொன்னானாம். அவன் ஆயுசில் புளுகியதிலேயே நல்ல புளுகு அதுதான். செபாஸ்தியம்மாள் அவனை உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். மூன்றாம் நாள், பெண் கேட்டு வரச் சொல்லி ஆள் வந்தது.

அவர்கள் கலியாணத்தில் அந்த மெட்டு வரக்கூடாது என்று செபாஸ்தியம்மாள் எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். சூசைராஜ் மாப்பிள்ளைக் கோலத்தில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் செபாஸ்தியம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போனாளா, என் கை சும்மா இருக்குமா? 'டம்' என்று அந்த மெட்டின் அடி ஒன்றே ஒன்று போட்டேன்.

திரும்பி முறைத்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.