கண்டதாகச் சொன்ன சாவு

றெனோல்ட் தன் அண்ணன் யோசெப்பின் உடலை ஆயிரம் தடவையாவது பார்த்திருப்பார். மொன்றியலின் லாசால் பகுதியில் அவர் வேலை செய்யும் சலவைத் தொழிற்சாலையில், ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த விரிப்புகளை உதறும்போது பார்ப்பார். பஸ் கண்ணாடியில் தலைசாய்த்துக் கண்ணை மூடும்போதும் பார்ப்பார். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் ஒரு சிவப்புத் திட்டு, பக்கவாட்டில் திரும்பிய முகம். பதினைந்து வருடமாக அந்தக் காட்சியில் எதுவும் மாறவில்லை.

அது நடந்தது முள்ளிவாய்க்காலில், 2009 மே மாதம். மன்னார் அடம்பனிலிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடைசியில் கடலுக்கும் களப்புக்கும் நடுவில் ஒரு பதுங்குகுழிக்குள் நான்கு பேர் இருந்தார்கள்: றெனோல்ட், அண்ணன் யோசெப், அண்ணனின் மனைவி றொசானா, அவர்களின் இரண்டு வயது மகள் சர்மிளா. காலையில் யோசெப் கஞ்சி வாங்கப் போனார். கொஞ்ச நேரத்தில் கஞ்சி வரிசைப் பக்கம் ஷெல் விழுந்தது. றெனோல்ட் ஓடினார். பாதி வழியில் புகை. அதற்குள்ளிருந்து ஆட்கள் கத்திக்கொண்டு எதிரே வந்தார்கள். அடுத்த ஷெல் விழவும் அவர் நிலத்தில் படுத்தார். எழும்பியவர் முன்னால் போகவில்லை. திரும்பி வந்துவிட்டார்.

பதுங்குகுழி வாசலில் றொசானா நின்றாள். சனம் களப்பைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

"அவர் வராமல் நான் அசையமாட்டன்," என்றாள்.

"அண்ணை போயிட்டார், மச்சாள்."

"நீ கண்டனியோ?"

"ஓம். கண்டனான்."

அந்த ஒரு சொல்லில்தான் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள்.

அதன்பிறகு அந்தச் சொல் தன்பாட்டில் வளர்ந்தது. முகாமில் விசாரித்தவர்களுக்குச் சொன்னார். மூவரும் மொன்றியலுக்கு வந்தபிறகு அகதி விசாரணையில் சொன்னார். 2014இல் பற்றிக் என்ற நல்ல மனிதர் றொசானாவைக் கட்டக் கேட்டபோது, முதல் கணவர் இறந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று பங்குத்தந்தை சொன்னார். மரணச் சான்றிதழ் கிடையாது. றெனோல்ட் வேதப்புத்தகத்தில் கை வைத்து, "என் கண்ணால் கண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கல்யாணம் நடந்தது. லவாலில் வீடு, பிறகு ஒரு மகன். ஒவ்வொரு மே மாதமும் யோசெப்பின் ஆன்மாவுக்கு ஒரு பூசை. றெனோல்ட் கடைசி வாங்கில் இருந்துவிட்டு, நற்கருணை வாங்காமல் வெளியே வந்துவிடுவார். கூச்ச சுபாவம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

போன வருடம் தொழிற்சாலையில் டோமா என்ற பெண் புதிதாகச் சேர்ந்தாள். நேபாளத்து மலைப்பக்கம், ஷெர்பா இனம். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலமும் அதைவிடக் குறைந்த பிரெஞ்சும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் தன் தாயோடு போனில் கதைப்பாள். வசனம் முடிகிற இடங்களில் ஒரு சத்தம் திரும்பத் திரும்ப வருவதை றெனோல்ட் கவனித்தார்.

"அது என்ன, நோக், நோக் எண்டு?"

டோமா சிரித்தாள். "ஊரில என்ன நடந்தது எண்டு அம்மா சொல்லுறா. நானும் திருப்பிச் சொல்லிக் கேக்கிறன். அம்மா தன்ர கண்ணால கண்டிருந்தா வேற மாதிரிச் சொல்லுவா."

அவள் மேசையில் சிந்தியிருந்த தேத்தண்ணியைக் காட்டி விளங்கப்படுத்தினாள். கோப்பை சரிந்ததை நான் பார்த்திருந்தால், வினையின் முடிவில் 'சுங்' வரும். நான் வரும்போது மேசை நனைந்திருந்தது, அதை வைத்துச் சரிந்திருக்கிறது என்று சொன்னால், 'நோக்'. சரிந்திருக்கலாம், சரியாமலும் இருக்கலாம் என்றால் அதற்கு வேறு விதம்.

"தமிழிலயும் இருக்கு," என்றார் றெனோல்ட். சரிந்ததாம், சரிந்திருக்கும், சரிந்திருக்கலாம் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். ஆனால் ஒன்றையும் பார்க்காமலே 'சரிந்தது' என்று சொல்லிவிட்டுப் போகலாம். தமிழ் அவரைத் தடுக்காது. தடுக்கவும் இல்லை.

"உங்கட அண்ணை சண்டையில செத்தவர் எண்டு சொன்னனீங்கள்," என்றாள் டோமா, பாடத்தைத் தொடர்கிற உற்சாகத்தில். "சுங்கா, நோக்கா?"

"சுங்," என்றார்.

டோமாவின் முகம் சுருங்கிவிட்டது. அவள் அவருடைய முழங்கையைத் தொட்டு, "ஐயோ பாவம், கண்ணால பாத்தனீங்களே," என்றாள். சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு றெனோல்ட் எழும்பிப் போனார். தன் மொழியில் சொன்ன பொய்யை, இன்னொரு மொழியில் இன்னொரு ஆளிடமும் சொல்லியாயிற்று.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு வருத்தம் பிடித்தது. தன் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு வசனத்துக்கும் அந்த இரண்டில் எது என்று பார்த்தார். பனி கொட்டியிருக்கிறது: நோக். மேற்பார்வையாளர் கோபமாக இருக்கிறார்: கதவை அடித்துச் சாத்தியதைக் கண்டேன், சுங். இப்படியே போய்க்கொண்டிருந்தவர், ஒருநாள் விரிப்புகளைத் தரம் பிரித்துக்கொண்டிருக்கும்போது அண்ணனின் உடலில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை.

அண்ணன் அன்று காலை சட்டை போட்டிருக்கவில்லை.

வெக்கை தாங்காமல் சாரத்தோடு வெறும் மேலாகத்தான் போனார். அது றெனோல்டுக்கு நிச்சயமாகத் தெரியும். அப்படியென்றால் வெள்ளைச் சட்டை எங்கிருந்து வந்தது? அவர் இயந்திரத்தருகே நின்று யோசித்தார். றொசானாவின் வரவேற்பறையில், மெழுகுதிரிக்குப் பின்னால் இருக்கும் கல்யாணப் படத்திலிருந்து வந்தது. முகம் பக்கவாட்டில் திரும்பியிருப்பதும் அந்தப் படத்தில்தான். படம்பிடிப்பவர் கூப்பிடும்போது அண்ணன் மணமகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாகத் தன்னைத் துரத்திய பிணத்தைத் தானேதான் உடுத்திக் கிடத்தியிருக்கிறார். அதற்குக் கீழே வேறு ஒன்றும் இல்லை. புகைதான்.

சனிக்கிழமை அவர் லவாலுக்குப் போனார். பற்றிக் மகனை ஹொக்கிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். மூத்தவள் சர்மிளா வேலைக்குப் போயிருந்தாள். றொசானா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மச்சாள், நான் அண்ணையைக் காணேல்லை."

"எந்த அண்ணையை?"

"யோசெப் அண்ணையை. அண்டைக்கு. பாதி வழியில திரும்பிட்டன். உடம்பைக் காணேல்லை."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவினாள். தண்ணீர் நெடுநேரம் ஓடியது.

"அப்ப ஏன் கண்டனான் எண்டு சொன்னனீ?"

"நீங்கள் வரமாட்டன் எண்டு நிண்டனீங்கள். பிள்ளையும் செத்திருக்கும்."

"செத்திருக்கும்," என்று அவள் திருப்பிச் சொன்னாள். பிறகு மெல்லிய குரலில் கேட்டாள். "அவர் திரும்பி வந்திருந்தா?"

அந்தக் கேள்வி தன்னிடம் வந்துவிடக்கூடாது என்றுதான் றெனோல்ட் அண்ணனுக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தார்.

"கஞ்சியோட வந்திருந்தா? வந்து பங்கருக்குள்ள பாத்திருந்தா? ஒருத்தரும் இல்லை. எங்கட சாமான் கிடக்குது. அவர் என்ன நினைச்சிருப்பார், தம்பி?"

"தெரியாது, மச்சாள்."

"எங்களைத் தேடிக்கொண்டு அங்கயே நிண்டிருப்பார்."

"தெரியாது."

"போ," என்றாள். "பற்றிக் வரமுதல் போ."

நான்கு மாதம் அவள் போன் எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் வேலை முடிகிற நேரத்தில் பற்றிக் காரோடு வந்து தொழிற்சாலை வாசலில் நின்றார். றெனோல்ட் அடி விழும் என்றுதான் நினைத்தார். பற்றிக் காரின் கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்கோ. சாமியாரிட்டப் போவம்," என்றார்.

வழியில் பற்றிக் முழுவதையும் சொன்னார். காணாமல்போனவர்களைத் தேடும் பட்டியலில் யோசெப்பின் பெயரைப் பதியக் கொடுத்தாயிற்று. பதில் வருமா என்பது தெரியாது. "வந்தா நான் என்ன செய்வன் எண்டு ராவும் பகலும் யோசிக்கிறன்," என்றார், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா அவள் தேடச் சொல்லிக் கேட்டா நான் மாட்டன் எண்டு சொல்லேலாது."

பங்குத்தந்தை பழைய சாட்சியத்தை மேசையில் வைத்திருந்தார். கல்யாணத்தைப் பற்றி மேலிடத்தில் கேட்க வேண்டும், அதுவரை யாரும் எதையும் முடிவுகட்ட வேண்டாம் என்றார். றெனோல்ட் புதிய தாளில் எழுதினார். ஷெல் சத்தம் கேட்டேன். புகையைக் கண்டேன். ஓடிவந்த ஆட்களைக் கண்டேன். என் அண்ணனைக் காணவில்லை. நான்கு வரிதான். அதை எழுத ஒரு மணித்தியாலம் எடுத்தது.

டோமாவிடமும் சொன்னார். "நான் உனக்குப் பொய் சொன்னனான். சுங் இல்லை."

"அப்ப நோக்."

"அதுவும் இல்லை. ஈரம்கூட நான் பாக்கேல்லை."

டோமா யோசித்தாள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்பதற்கான வசனத்தைச் சொல்லித்தந்தாள். அவர் மூன்று தடவை பிழையாகச் சொன்னார். அவள் சிரிக்காமல் மூன்று தடவையும் திருத்தினாள்.

இந்த மே மாதம் ஆன்மாவுக்கான பூசை இல்லை. மேலிடத்திலிருந்தும் பட்டியலிலிருந்தும் இன்னும் ஒரு பதிலும் வரவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் றெனோல்டிடம் வருவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு வெறும் பதுங்குகுழி வருகிறது. அதன் வாசலில் யாரோ குனிந்து உள்ளே பார்க்கிறார். முதுகு மட்டும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் றொசானா அவருக்குப் போன் எடுக்கிறாள். சுகம் விசாரிப்பதில்லை. ஒரு கேள்விதான்.

"அண்டைக்குக் காத்து எந்தப் பக்கம் அடிச்சது?"

"கடல் பக்கத்தில இருந்து."

"கண்டனியோ?"

"புகை களப்புப் பக்கம் போனதைக் கண்டனான்."

"சரி," என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிடுவாள்.