அனஸ்ரேசியா வீடு பார்க்கப் போகிறார்

சப்பாத்துக்கு மேல் நீலப் பிளாஸ்ரிக் உறையை மாட்டிக்கொண்டு, விற்பனைக்கு வந்திருக்கும் வீட்டுக்குள் அனஸ்ரேசியா நுழைகிறார். வாங்கும் எண்ணம் துளியும் இல்லை. அவருடைய சொந்த வீடு அதே கட்டடத்தில் இரண்டு மாடி மேலே இருக்கிறது. நொர்வேயில், ஸ்டோவ்னரிலுள்ள எங்கள் அடுக்குமாடியில் எந்த வீடு விலைக்கு வந்தாலும், ஞாயிறு பூசை முடிந்த கையோடு வந்துவிடுவார். தரகர்மார் அவரைத் தடுப்பதில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றித் தாங்கள் சொல்லத் தயங்குவதை இவர் சொல்லிவிடுகிறாரே!

வருகிறவர்கள் குளியலறையைப் பார்ப்பார்கள், சமையலறையைப் பார்ப்பார்கள், பிறகு குரலைத் தாழ்த்திப் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரிப்பார்கள். அதன் முற்றத்தில் கறுத்த முகங்கள் கூடக் கூட, வெள்ளைக் குடும்பங்கள் சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டன. பிள்ளைகள் குறைந்தால் பள்ளிக்கு வரும் பணமும் குறையும். இந்த வருடம் ஓர் ஆசிரியை போய்விட்டார். இன்னொருவரும் போனால் பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்குவதென்று அனஸ்ரேசியாவின் கணவர் லூக்காஸ் முடிவாகச் சொல்லிவிட்டார். இந்தப் பள்ளியில் படிக்கும் மகள் நிலூஜாவை இங்கிருந்து நிறுத்த அனஸ்ரேசியாவுக்கு மனமில்லை.

"ஆக்கள் ஓடுறதாலைதான் பள்ளிக்கூடம் தேயுது. நானும் ஓடினால் ஆர் நிக்கிறது?"

ஆகவே பள்ளிக்கு ஆள் பிடிக்கிறார். நொர்வேஜியத் தம்பதிகளிடம் அவர்கள் மொழியிலேயே, நிறையப் பிழையோடு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் பேசுவார். "பிழை விட்டால் என்ன? விளங்குதுதானே!" இப்படி ஒருத்தி எங்கள் கட்டடத்தில் இருப்பது எனக்குப் பெருமை.

போன ஞாயிறு நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். துரொண்ட்ஹெய்மிலிருந்து வேலை மாறி வந்த தமிழ்ச் சோடி ஒன்று வந்தது. அவர்களுடைய மகளுக்கு அடுத்த ஆவணியில் முதலாம் வகுப்பு.

"வீடு நல்லாத்தான் கிடக்கு அக்கா," என்று இழுத்தார் கணவர் இளங்கோ. "ஆனால் பள்ளிக்கூடத்திலை முழுக்க வெளிநாட்டாக்களாமே. பிள்ளை எப்பிடி நொர்வேஜியன் பழகும்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தானும் வெளிநாட்டான் என்பதை எந்த ஸ்டேசனில் இறக்கிவிட்டு வந்தாரோ!

அனஸ்ரேசியா கோபப்படவில்லை. "தம்பி, இஞ்சை வாங்கோ," என்று பல்கனிக் கதவை அகலத் திறந்தார். கீழே, விடுமுறை நாளிலும் திறந்து கிடக்கும் பள்ளி மைதானத்தில், பந்து கோலுக்குள் போனதா இல்லையா என்று பெரிய சண்டை. சோமாலியப் பையனும் பாகிஸ்தான் பையனும் துருக்கிச் சிறுமியும் மாறி மாறிக் கத்தினார்கள். நொர்வேஜிய மொழி அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எல்லோருக்கும் மேலே நிலூஜாவின் குரல் அதே மொழியில் நியாயம் கேட்டது.

இளங்கோ ஏதோ சொல்ல வாயெடுத்தார். அனஸ்ரேசியா உதட்டில் விரலை வைத்துக் காட்டி, அவர் நன்றாகக் கேட்கட்டும் என்று ஒதுங்கி நின்றார்.