மூன்றாவது நிமிடம்

காது குத்தும்போது அக்கா மகன் என் மடியில் உட்கார்ந்துதான் அலறினான். கடைசியில் அவன் உடலுக்குக் கோடித்துணி போர்த்தியதும் நான்தான். திருவாடானைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இரண்டுமே தாய்மாமன் செய்யவேண்டியவை. ஒரே பிள்ளைக்கு இரண்டையும் செய்யும் கொடுமை எந்த மாமனுக்கும் வரக்கூடாது.

நான் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை பார்க்கிறேன். எந்த விமானம் எப்போது ஓடுபாதையில் ஏறலாம், எப்போது கிளம்பலாம் என்று சொல்கிற வேலை. லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் இதை அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். பிறகு பைலட்டாகத்தான் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். அத்தான் நஞ்சையை விற்றுப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்தார். அது வேறு ஊர், வேறு விமான நிலையம். தனியாகப் பறக்க ஆரம்பித்த புதிதில், தரையை விட்டு எழும்பிய கொஞ்ச நேரத்திலேயே அவனுடைய சின்ன விமானம் கவிழ்ந்து விழுந்தது.

கேதம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அதற்குள் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள். இராமநாதபுரத்திலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர், பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பந்தலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"காத்துமில்ல, மழையுமில்ல. பய பதறிட்டான். வேறென்ன?"

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். உள்ளே அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவரை நாற்காலியோடு தூக்கி வெளியே போட்டுவிடலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அந்த விமான நிலையத்தில் வேலை பார்க்கும் சிநேகிதன் போனில் சொல்லியிருந்தான். ஆனால் விசாரணை முடியும்வரை வாயைத் திறக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலில் கட்டுப்பாடு. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் சாயங்காலம் அக்கா என்னை உள்ளே கூப்பிட்டாள். அத்தான் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏலே, நெசத்தச் சொல்லு. எம்புள்ள மேலயா தப்பு?"

வேறெதையும் அவள் கேட்கவில்லை. நான் பேசாமல் இருந்தால், பிள்ளை தன் தப்பால்தான் செத்தான் என்று காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பாள். கட்டுப்பாடாவது, மண்ணாவது.

"பெரிய விமானம் கிளம்புறப்ப ரெண்டு எறக்கையிலருந்தும் காத்து சுழியா சுத்திக்கிட்டே பின்னால விழும்க்கா. கண்ணுக்குத் தெரியாது. சின்ன விமானம் அதுல மாட்டுச்சுன்னா கவுத்துரும். அன்னைக்கு இவனுக்கு முன்னாலதான் ஒரு பெருசு கெளம்பிருக்கு."

அத்தான் நிமிர்ந்தார். "அன்னைக்குக் காத்தே இல்லன்னாங்களே?"

"அதுதான் அத்தான் வினை. காத்தடிச்சா அந்தச் சுழிய இழுத்துட்டுப் போயிரும். காத்தில்லாதப்ப நெல்லு தூத்துனா தூசி அங்கனயே நிக்கும்ல? அந்த மாதிரி அது பாதை மேலயே நின்னுருக்கு."

களத்தில் நின்று பழகிய மனிதர். புரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தச் சுழி அடங்கும்வரை சின்ன விமானத்தை நிறுத்தி வைப்பது கோபுரத்தில் இருப்பவரின் பொறுப்பு. இரண்டும் ஓடுபாதையின் ஒரே முனையிலிருந்து கிளம்பினால் இரண்டு நிமிடம் போதும். சின்னது பாதையின் நடுவிலிருந்து கிளம்பினால் மூன்று நிமிடம் வேண்டும். ஏனென்றால் பெரியது தரையை விட்டு எழும்பி, சுழியை விட்டுச் செல்கிற இடம் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும். அன்று அவனை நடுவில் கொண்டுபோய் நிறுத்தியவர், முனையிலிருந்து கிளம்புகிறவனுக்கு உரிய நேரத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார். பழக்கதோஷம். கடிகாரத்தில் இரண்டு நிமிடம் ஆனதும் எங்கள் வாய் தானாகவே அனுமதி கொடுக்கும். அதே மாதிரி நாற்காலியில் உட்காருகிறவன் என்பதால் அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

இவ்வளவையும் அக்காவுக்குச் சுருக்கமாகத்தான் சொன்னேன். "அவன் மேல ஒரு தப்புமில்லக்கா. இன்னும் ஒரு நிமிசம் நிக்கச் சொல்லியிருக்கணும். சொல்லல."

இதைக் கேட்டால் கொஞ்சமாவது தேறுவாள் என்று நினைத்திருந்தேன்.

"நில்லுன்னா நின்னுருப்பானேடா," என்றாள். "சொன்ன பேச்சத் தட்ட மாட்டானே எம்புள்ள. போன்னாங்க, போயிட்டான்."