அக்கா சொன்ன கொலைகாரர்கள்

கொலை செய்தது டொக்டர். முப்பது வருஷமாக இதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருந்ததில்லை. கல்யாணமான புதிதில் கணவரைப் பிடித்து உட்காரவைத்து முழுக்கதையையும் சொல்லியிருக்கிறேன். கண்டியில் நான் வேலை செய்யும் நீதிமன்றத்தில், மதியம் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். போன பௌர்ணமி போயா லீவு அன்று பார்த்தால், டொக்டர் ஒரு பாவமும் அறியாத மனுஷன். கொன்றவன் டிரைவர்.

தொடர் பழையது. நான் ஒன்பது பத்து வயசுப் பிள்ளையாக இருந்தபோது சனிக்கிழமை மாலைகளில் போன சிங்களத் துப்பறியும் நாடகம். அதில் வரும் இன்ஸ்பெக்டர், செத்தவர் வீட்டுக்குள் போகும்போது வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிடுவார். சொக்ஸோடு வீடு முழுக்க நடந்து திரிந்து ஆளைக் கண்டுபிடிப்பார். அவரைப் பார்த்துத்தான் எனக்குப் பொலிஸ், கோர்ட், சாட்சி என்ற பைத்தியமே பிடித்தது. அந்தப் பைத்தியம்தான் என்னைச் சிங்களம் படிக்கவைத்து, உரைபெயர்ப்பாளர் வேலையில் கொண்டுவந்து விட்டது. சாட்சிக் கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதைச் சிங்களத்திலும், நீதவான் சிங்களத்தில் கேட்பதைத் தமிழிலும் சொல்லி இருபது வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன். இப்போது யாரோ ஒரு புண்ணியவான் அந்தத் தொடரை எங்கிருந்தோ தேடி எடுத்து யூடியூபில் போட்டிருந்தார். கண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்பில் பருப்பை வைத்ததையே மறந்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதல் பாகத்தின் கடைசிக் காட்சி எனக்கு மனப்பாடம். டிரைவருடைய தாய் வாசலில் நின்று அழுவாள். குற்றமற்றவன் என்று மகனை விட்டுவிட்டார்கள், அவன் வீட்டுக்கு வருகிறான், அந்தச் சந்தோஷத்தில் அழுகிறாள். இப்போதும் அதே தாய், அதே வாசல், அதே அழுகைதான். ஆனால் மகனைக் கைவிலங்கோடு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான், அதை வீட்டில் எல்லோரும் அறிவார்கள். கடைசிக் காட்சியை வெட்டி மாற்றியிருக்கிறீர்கள், இது ரசிகர்களுக்குச் செய்யும் துரோகம் என்று வீடியோவுக்குக் கீழே சிங்களத்தில் எழுதிவிட்டேன். பத்து நிமிஷத்தில் ஒருவர் பதில் போட்டார். “அக்கே, நீங்கள் வேறு நாடகம் பார்த்திருக்கிறீர்கள்.” அதற்கு நாற்பது பேர் சிரித்திருந்தார்கள்.

இரண்டாவது பாகத்தைப் போட்டேன். கடுகண்ணாவை என்ற ஊரின் சுரங்கப்பாதைக்குப் பக்கத்தில் ஒரு மாணவன் செத்துக் கிடப்பான். அவனுடைய கூட்டாளியைப் பொலிஸ் பிடித்து அடைக்கும். கடைசியில் கம்பிக்கதவு திறந்து கிடக்கும், உள்ளே யாருமில்லை. அவனை விட்டுவிட்டார்கள், மாமா வீட்டுக்குப் போய்விட்டான் என்பது எனக்குத் தெரிந்த கதை. இன்ஸ்பெக்டர் அந்தக் காலிக் கூண்டைப் பார்த்து என்ன சொல்கிறார் என்று இப்போதுதான் கேட்கிறேன். பையன் இரவு தூக்குப்போட்டுக்கொண்டு செத்துவிட்டான் என்கிறார்.

ஐயோ, எனக்கு மண்டை குழம்பிப்போனது. ஒன்றை மறக்கலாம், ஒன்றை மாற்றி நினைக்கலாம். ஒவ்வொரு பாகத்திலும் முடிவே மாறிப்போகுமா? எனக்குத்தான் மூளையில் ஏதாவது வந்துவிட்டதா என்று உண்மையாகவே பயந்தேன். கோர்ட்டில் ஒரு சாட்சி சொல்வதை மற்ற மொழியில் சொல்லி முடிக்கும்வரை நினைவில் பிடித்து வைத்திருக்கவேண்டிய ஆள் நான். இந்த லட்சணத்தில் இத்தனை வருஷமாக என்ன சொல்லித் தொலைத்தேனோ.

கணவர் யாழ்ப்பாணத்து ஆள். இந்தக் கூத்தையெல்லாம் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சேரும், கொலைகாரன் ஆரெண்டு பிறகு பாப்பம். முதல்ல சோத்தைப் போடும்.”

“நான் என்ன பொய்யா சொல்றேன்? டொக்டர்தான் கொன்னான். இன்ஸ்பெக்டர் சொன்னதை நான் என் காதால கேட்டேன்.”

“எந்தப் பாசையில கேட்டனீர்?”

“தமிழ்ல” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்த இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்து ஒரு தமிழ்ச் சொல் பேசியவரல்ல. எனக்கும் அந்த வயசில் சிங்களம் தெரியாது. நான் கேட்டதெல்லாம் அக்காவின் குரல்.

எங்கள் வீடு தெல்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்தது. அப்பா முன்பே இறந்துவிட்டார். அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை. அக்கா மூத்தவள், டவுனில் புடவைக்கடையில் நின்றாள். அவளுக்குத் தம்பியும் எனக்கு அண்ணனுமாக நடுவில் ஒருவர், கொழும்பில் ஹோட்டலொன்றில் வேலை செய்தார். கறுப்பு வெள்ளை டிவியொன்றை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். கார் பெட்டரியில் ஓடும் டிவி. நாங்கள் மூன்று பெண்களும் அதன் முன்னால் உட்காருவோம், அக்கா சிங்களத்தைக் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொல்லுவாள். அம்மா வெற்றிலையை மென்றுகொண்டே, “யாரு கொன்னது? யாருன்னு சொல்லு” என்று அவளைப் போட்டு அரிப்பாள்.

அந்தத் தொடர் ஆரம்பித்த மாதத்தில்தான் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். யுத்தம் நடந்த கெட்ட காலம் அது. கொழும்பில் ஆமியும் பொலிஸும் நடத்திய இரவுச் சுற்றிவளைப்பில் அடையாள அட்டை இல்லாத தமிழ்ப் பையன்களை அள்ளிக்கொண்டு போனார்கள் என்று, அவரோடு வேலை செய்த ஒருவர் வந்து சொன்னார். அக்கா எங்கேயோ போய், யாரையோ பிடித்து, ஒரு முறைப்பாடு எழுதவைத்துக் கொடுத்தாள். விலாசத்துக்குக் கடையின் பெயரைப் போட்டாள். கொஞ்ச நாளில் சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது. அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, விளக்கடியில் பிரித்து வைத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். தம்பியை விசாரித்து விட்டுவிட்டார்கள், அவன் பயத்தில் இந்தியாவுக்குப் போயிருக்கிறான், காலம் சரியானதும் வருவான். அம்மா அந்தக் கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது எனக்கு இன்றைக்கும் தெரிகிறது.

“அந்த ஐயா மாதிரி நல்லவர் யாரோ அங்கயும் இருந்திருக்காரு” என்று டிவியில் வரும் இன்ஸ்பெக்டரைக் காட்டி அம்மா சொல்லுவாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் சாகும்வரை மகன் திருச்சியிலோ மதுரையிலோ பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறான் என்றுதான் நம்பியிருந்தாள். நானும்தான் நம்பினேன்.

போயாவுக்கு மறுநாள் ஞாயிறு. அக்கா வீட்டுக்குப் போகத் தெல்தோட்டை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரத்தில் உட்கார்ந்தேன். டிவியில் பிடிபட்டவர்களையெல்லாம் அக்கா அவரவர் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். அப்படியென்றால் அந்தக் கடிதத்தை எப்படி வாசித்திருப்பாள்? இதற்குள் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அக்காவின் பிள்ளைகளுக்குப் பாடசாலை விண்ணப்பம், காணிப் பத்திரம், பிரதேச செயலகக் கடிதம், சிங்களத்தில் எது வந்தாலும் எனக்குத்தான் அனுப்புவாள். அக்காவுக்குச் சிங்களம் பேசத் தெரியும், எழுத்துத் தெரியாது. இது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். தெரிந்திருந்தும் அண்ணனின் கடிதத்தோடு சேர்த்து ஒரு நாளும் யோசித்ததில்லை. ஊரார் வழக்குக்கெல்லாம் மூளை வேலை செய்கிறது, சொந்த வீட்டு விஷயத்தில் மழுங்கட்டையாக இருந்திருக்கிறேன். என்னை நானே திட்டிக்கொண்டே போய் இறங்கினேன்.

அக்கா தனியாகத்தான் இருக்கிறாள், பிள்ளைகள் கொழும்பில். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, “என்னாடி, சொல்லாம கொள்ளாம? வா வா” என்று தேத்தண்ணி ஊற்றினாள். நான் டெலிபோனில் நாடகத்தைப் போட்டு அவள் முன்னால் வைத்தேன். இன்ஸ்பெக்டர் சப்பாத்தைக் கழற்றுவதைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“அக்கா, டொக்டர் கொலை செய்யல. டிரைவர்தான் செஞ்சிருக்கான்.”

“அப்படியா? நான் என்னாத்தைக் கண்டேன்.” சிரிப்பு இன்னும் போகவில்லை. “பாதி புரியாதுடி எனக்கு. எனக்குத் தெரிஞ்சது புடவை விக்கிற சிங்களம். எத்தனை யார் துணி வேணும், சாயம் போகுமா போகாதா, அவ்வளவுதான். புரியாததை நானாச் சொல்லுவேன். அம்மா மூஞ்சியப் பார்ப்பேன். யாரையாவது அடைச்சு வச்சா அம்மா மூஞ்சி செத்துப்போயிரும். சரி, விட்டுட்டாங்கன்னு சொல்லிருவேன்.”

“கடுதாசியையும் அப்படித்தான் வாசிச்சியா?”

அக்கா டெலிபோனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். “நீ எப்ப கேப்பேன்னுதான் இத்தனை வருஷம் இருந்தேன்” என்றாள். பிறகு எழுந்துபோய் அலுமாரியைத் திறந்தாள். சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். அம்மாவின் அடையாள அட்டையோடு அந்தக் கடிதமும் இருந்தது.

“யார்கிட்டயாவது குடுத்து வாசிச்சிருக்கலாமே அக்கா.”

“யார்கிட்ட? இனி பொலிஸ் கச்சேரின்னு அலைஞ்சா வேலைக்கு வராதேன்னு முதலாளி சொல்லிட்டாரு. என் சம்பளமும் இல்லாட்டி நீ எப்படிப் படிக்கிறது? அன்னைக்கு ராத்திரி மட்டும் அம்மாவைத் தூங்க வச்சிருவோம்னு பாத்துதான் அப்படிச் சொன்னேன். மறுநாள் அம்மா லயம் பூரா சொல்லிட்டாங்க. அப்புறம் எப்படி மாத்துறது?”

“நான் படிச்சு வந்த பிறகாவது குடுத்திருக்கலாம்.”

“அப்ப அம்மா இருந்தாங்க. அவங்க போனப்புறம் எனக்குப் பயம். அவன் செத்துப்போயிட்டான்னு எழுதியிருந்தா?” கடிதத்தை என் கையில் வைத்தாள். “இன்னைக்கு வாசிடி. என்னா இருந்தாலும் சொல்லு. நீ கோர்ட்டுல வாசிக்கிற மாதிரி வாசி.”

மடிப்பில் கிழிந்துபோன ஒற்றைத் தாள். தட்டச்சில் ஏழு வரி. மேற்படி நபர் இந்த முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறார். அவர்மீது குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆளை அடையாளம் காட்டுவதற்காக, உறவினர் ஒருவர் பிறப்புச் சான்றிதழோடு இருபத்தொரு நாட்களுக்குள் நேரில் வந்தால் விடுவிக்கப்படுவார். வராவிட்டால் வேறிடத்துக்கு மாற்றப்படுவார்.

யாராவது போயிருந்தால் போதும். பிறப்புச் சான்றிதழ் வீட்டில்தான் இருந்தது, அம்மாவின் தகரப் பெட்டியில். பஸ் ஏறிப் போயிருந்தால் அண்ணன் வந்திருப்பார்.

நான் இரண்டு தரம் வாசித்தேன், வேறு ஏதாவது அர்த்தம் வராதா என்று. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபதைத் தொடப்போகிறவள், எனக்காகக் கடையில் நின்று கால் நரம்பெல்லாம் புடைத்துப்போனவள். இதைச் சொன்னால் அவள் தாங்கமாட்டாள். சொல்லாவிட்டால் நான் எதற்கு இந்த வேலையில் இருக்கிறேன்? எது சரி என்று எனக்குப் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. வாய் தானாகப் பேசியது.

“விசாரிச்சிட்டு விட்டுட்டாங்களாம் அக்கா. எங்க போனாருன்னு அவங்களுக்குத் தெரியாதாம்.”

“நிசமாவா?”

“நிசமாத்தான்.”

“அப்ப நான் சொன்னது பொய்யில்லையா?”

“இல்லக்கா.”

அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு கதிரையில் சரிந்தாள். முப்பது வருஷ அழுகை. நான் தோளைப் பிடித்துக்கொண்டேன், எனக்கும் கண்ணீர் நிற்கவில்லை. நல்லதைத்தான் செய்தேன் என்று அந்த ஐந்து நிமிஷம் நினைத்தேன்.

பிறகு அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். முகம் மெல்ல மாறியது.

“அப்ப ஏன்டி அவன் ஒரு கடுதாசி கூடப் போடல?”

நான் ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்தேன்.

“விட்டுட்டாங்கள்ல? கை கால் நல்லாத்தானே இருந்திருக்கும்? அம்மா வாசல்ல உக்காந்து உக்காந்து செத்தாங்களே, அதுக்குக் கூட வரலியே. நான் என்னமோ அவன் செத்துட்டான், நான்தான் கொன்னுட்டேன்னு தினம் தினம் வெந்துக்கிட்டு இருந்தேன். எங்கயோ நல்லா இருந்துக்கிட்டு எங்களைத் தலைமுழுகிட்டானா? பாவிப் பய. நன்றி கெட்ட நாயி. கூடப் பொறந்தவனா அவன்?”

திட்டத் திட்ட அவளுக்குப் பலம் வந்தது. எழுந்து நின்று கையை நீட்டித் திட்டினாள். அண்ணன் அப்படிப்பட்டவரில்லை, யாராவது வருவார்கள் என்று இருபத்தொரு நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அக்கா அவரைத் திட்டி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.