ரோசாப்பூத் திரைகள்

ஸ்ட்ரெதமில் திரைச்சீலை தைத்துப் பிழைத்தவள் சிவனேஸ்வரி. எண்பதுகளில் வெள்ளைக்காரர் வீட்டு வரவேற்பறைகளில் திரை, சோபா, விளக்குக்கூடு எல்லாம் ஒரே ரோசாப்பூத் துணி; அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. தொண்ணூற்றாறில் வெறும் வெள்ளைச் சுவர்தான் அழகென்றாகிவிட, அவள் பிழைப்பே ஆட்டங்கண்டது. வாடிக்கைக்காரி ஒருத்தி கழற்றி எறிந்த திரைகளை வீட்டுக்கு அள்ளி வந்தாள்.

"உதென்னக்கா குப்பை?" என்று சிரித்தாள் பக்கத்து வீட்டுக் கலாவதி.

"அந்தக் காலத்தில எங்கட பக்கத்துக் கரையில இருந்து கப்பலேறி வந்த பூத்துணியைப் பார்த்துத்தானே இந்த வெள்ளைக்காரர் இதுக்கு ஆசைப்பட்டவை? வேண்டாமெண்டால் எங்களிட்டயே வரட்டும். உன்ர மகளின்ர மணவறைக்குக் கட்டுறன், பார்!"

மிச்சம் என்ற பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் மணவறைக்குப் பின்னால் ரோசாக்கள் பளீரென்று விரிந்தன. தாலி ஏறுமுன்னமே இரண்டு தாய்மார் சிவனேஸ்வரியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அக்கா, எங்கட பிள்ளைக்கும் இப்பிடிச் செய்ய ஏலுமோ?"

"ஏலும், ஏலும்! பூ எவ்வளவு பெரிசா வேணும்?"