கொடுத்தால் மிச்சம் எவ்வளவு?

கூட்டல் சொல்லித்தருகிறவருக்கு ஊரில் எதிரிகள் கிடையாது. கழித்தல் சொல்லித்தருகிறவருக்கு முதல் வாரத்திலேயே கிடைத்துவிடுவார்கள். ஒன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்து, தொண்டை வற்றி, சாக்பீஸ் தூளைத் தும்மிக்கொண்டிருக்கும் சகோதரிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் டவுணில், ரத வீதிக்குப் பின்னால் இருக்கிற ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியை. கணிதத்தில் பட்டம் உண்டு, வாய் கிடையாது. சேரன்மகாதேவியிலிருந்து வரும் பஸ்ஸில் 'இறங்கணும்' என்று சத்தம் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ரகம். எங்கள் தலைமையாசிரியையை எல்லோரும் பெரிய டீச்சர் என்போம். மாதத்துக்கு ஒரு நற்பண்பு என்பது அவர் ஏற்பாடு. அந்த மாதம் கொடுத்தல். பாடத்தில் கழித்தல்.

"ரெண்டையும் சேத்தே நடத்திரும்மா, குடுத்தா குறையத்தானே செய்யும்" என்றார். போகிற போக்கில் இன்னொன்றையும் சொன்னார். மாதக் கடைசியில் தாளாளர் வந்து என் வகுப்பில் உட்காருவாராம். அவருக்குப் பிடித்தால் அடுத்த வருஷமும் வேலை. பிடிக்காவிட்டால், "பாப்போம்". அந்தப் 'பாப்போம்' அன்றைக்கிருந்து என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை.

ஓமத்தண்ணீர்

பாடம் தொடங்கிய மறுநாள் காலை, கேட்டில் ஒரு அம்மா கையில் பாட்டிலோடு நின்றார். என் வகுப்புச் சங்கரனின் அம்மா. "ஒடம்பு இப்ப எப்படி இருக்கு டீச்சர்?" என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். அவர் நம்பவில்லை. "பிள்ள நேத்தே சொல்லிட்டான். காலையிலயும் கழிச்சலாம், சாயங்காலமும் கழிச்சலாம், நாளைக்கும் உண்டும்னு டீச்சரே சொன்னாவளாம்."

எங்கள் பக்கம் கழிச்சல் என்றால் வயிற்றுப்போக்கு. 'த'வுக்கும் 'ச'வுக்கும் நடுவில் ஒரு ஆசிரியையின் மானம் போய்க்கொண்டிருந்தது. அது கழித்தல், கணக்குப் பாடம் என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் வாட்ச்மேன் அண்ணாச்சி நின்றார், ஆட்டோக்காரர் நின்றார், எனக்கு வாய் வரவில்லை. அங்கேயே ஓமத்தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு, பாட்டிலைக் கழுவித் தருகிறேன் என்றேன். அந்த அம்மா என் முதுகைத் தடவி, பைய, ஆனால் ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்படி, சொன்னார்: "இதுக்கெல்லாமா வெக்கப்படுவாவ? எல்லாருக்கும் வாரதுதான டீச்சர்!"

அதிரசக் கணக்கு

புளியங்கொட்டையை வைத்துச் சொல்லிப் பார்த்தேன். ஒருவன் மூக்கில் போட்டுக்கொண்டான். அதனால் தின்பண்டத்துக்கு மாறினேன். "உங்க அம்மா ஆறு அதிரசம் சுட்டாங்க. பக்கத்து வீட்டுக்கு ரெண்டு கொடுத்து விட்டாங்க. மிச்சம் என்ன?"

சங்கரன் கையைத் தூக்கினான். "நாலு அதிரசமும் கொஞ்சம் சீனியும்." சீனி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வகுப்பு முழுக்க என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. சங்கரன் பொறுமையாக விளக்கினான்: "தூக்குச்சட்டிய யாராவது வெறுமன திருப்பித் தருவாவளா டீச்சர்?"

ஒற்றைச் செருப்பு

இதற்கு முழுப்பொறுப்பு நான்தான். "ரெண்டுல ஒண்ணு கொடுத்தா மிச்சம் ஒண்ணு. கொடுத்தவளுக்கும் ஒண்ணு, வாங்கினவளுக்கும் ஒண்ணு. இதுல யாருக்காவது குறையா?" என்று உற்சாகத்தில் கேட்டுவிட்டேன். அன்றைக்குப் பேச்சி, செருப்பை ஆற்றில் விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்திருந்தாள். சாயங்காலம் உலகம்மாள் தன் புதுச்செருப்பில் ஒன்றை அவளுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு காலால் தத்தித் தத்தி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

மறுநாள் உலகம்மாளின் அப்பா, துணிக்கடை அண்ணாச்சி, மீதிச் செருப்போடு பெரிய டீச்சர் அறைக்கு வந்தார். என்னையும் கூப்பிட்டார்கள். புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றேன். பெரிய டீச்சர் என்னைப் பார்த்து, "இன்னொரு புகார் வந்துச்சுன்னா தாளாளர்ட்ட நான் என்னத்தச் சொல்ல?" என்றார். அண்ணாச்சிக்கே என் முகத்தைப் பார்த்துப் பாவமாகிவிட்டது போல. செருப்பை என் கையில் கொடுத்தார். "கொடுக்கது நல்ல பழக்கம்தான், நான் வேண்டாங்கல. இனிமே ஜோடியாக் கொடுக்கச் சொல்லுங்க."

நடந்துகொண்டே இருந்தது

அதற்குப் பிறகு நாற்காலி எனக்கு ஒத்துவரவில்லை. கரும்பலகையிலிருந்து சன்னலுக்கு, சன்னலிலிருந்து கதவுக்கு. கேட்டில் கார் சத்தம் கேட்டால் தாளாளரோ என்று எட்டிப்பார்ப்பேன். போதாததற்கு இசக்கி. முன்வரிசையில் உட்காரும் குட்டிப் பெண். எந்தக் கழித்தலையும் விரலை மடக்காமல் சொல்லிவிடுவாள். ஆனால் ஐந்தில் ஐந்து, மூன்றில் மூன்று என்று ஒன்றும் மிஞ்சாத கணக்காக இருந்தால் மட்டும் உதட்டை இறுக மூடிக்கொள்வாள். கொஞ்சியும் பார்த்தேன், மிரட்டியும் பார்த்தேன். சிலேட்டிலும் எழுத மாட்டாள்.

தாளாளர் நேராக முன்வரிசையைத்தான் கேட்பார் என்று இரண்டாம் வகுப்பு டீச்சர் வேறு சொல்லிவைத்திருந்தார். அந்த நினைப்பில் நான் குறுக்கும் நெடுக்கும் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்த பேச்சி, கடைசியில் எழுந்து நின்றாள்: "ஒண்ணுக்கு வந்தா போயிட்டு வாங்க டீச்சர், நாங்க சத்தம் போட மாட்டோம்."

ஐந்து துண்டு அல்வா

தாளாளர் வந்தார். பிள்ளைகள் நாற்காலியில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்து, முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார். பெரிய டீச்சர் கதவருகில் நின்றார். நான் நடக்காமல் இருப்பதற்காக மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் கை நேராக இசக்கியைத்தான் காட்டியது.

"ஒங்கிட்ட அஞ்சு துண்டு அல்வா இருக்கு. அஞ்சையும் பிள்ளையளுக்குக் குடுத்திட்ட. மிச்சம் என்ன இருக்கு?"

இசக்கி என்னைப் பார்த்தாள். உதடு மூடிக்கொண்டது. பின்வரிசையில் நாலைந்து பேர் "பூச்சியம், பூச்சியம்" என்று கிசுகிசுத்தார்கள். பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். 'பாப்போம்' என்ற சொல் என் காதுக்குள் கேட்டது. அப்போது இசக்கி வாயைத் திறந்தாள்.

"நிறைஞ்சிருக்கு."

"என்னது?" என்றார் தாளாளர்.

"நிறைஞ்சிருக்கு சார். அரிசிப் பானையில ஒண்ணும் கெடக்காட்டாலும் அந்த வார்த்தையச் சொல்லக் கூடாது. நிறைஞ்சிருக்குன்னுதான் சொல்லணும். அம்மா வாயிலயே போடுவா."

எங்கள் வீட்டிலும் அரிசி தீர்ந்தால் அப்படித்தான் சொல்வோம். அன்று காலையில்கூட அம்மா என்னிடம் "அரிசி நிறைஞ்சிருக்கு, வரும்போது வாங்கிட்டு வா" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். அந்தச் சொல்லும் இந்தக் கணக்கும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்று எனக்கு ஒரு மாதமாகத் தோன்றவில்லை. வகுப்பு சிரித்தது. இசக்கியின் கண்ணில் தண்ணீர் முட்டியது. அதற்குள் யாரோ பேசுகிற சத்தம் கேட்டது, பார்த்தால் நான்தான். "விடை சரி சார். கணக்குல அதுக்குப் பூச்சியம்னு பேரு, அவ வீட்டுல நிறைஞ்சிருக்குன்னு பேரு. அவளுக்கு அஞ்சும் போயிருச்சுன்னு தெரியும். உக்காரு இசக்கி."

பெரிய டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார். தாளாளர் எழுந்தார். நாற்காலியும் அவரோடு கொஞ்சம் எழுந்தது. வாசல் தாண்டப் போனவரின் பின்னால் ஓடினேன். ஒருமுறை திறந்த வாய் மூடவில்லை. "சார், அடுத்த வருஷம் எனக்கு இடம் இருக்கா?" என்று கேட்டே விட்டேன். அவர் திரும்பிச் சிரித்தார்: "நிறைஞ்சிருக்கும்மா!"

அதற்கு என்ன அர்த்தம்?

நிறைய இருக்கிறதா, ஒன்றுமில்லையா? அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன். பேட்டை தாண்டுவதற்குள் இருக்கிறது என்று முடிவு செய்தேன். சேரன்மகாதேவி பாலத்தில் இல்லை என்று மாற்றிக்கொண்டேன். அந்தக் குழப்பத்தில் அரிசி வாங்க மறந்து, வீட்டிலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

விடிந்ததும் நேராகப் பெரிய டீச்சர் அறைக்குப் போனேன். வாயைத் திறப்பதற்குள் புது வகுப்புக்கான சாக்பீஸ் பெட்டியை என் பக்கம் தள்ளினார்: "ஒனக்கு அடுத்த வருஷம் ரெண்டாம் வகுப்பு. அதுல கடன் வாங்கிக் கழித்தல் உண்டும். அதுக்கு என்ன நற்பண்பச் சேக்கலாம்னு இப்பமே யோசிச்சு வையி."

ஆக, ஒரு மாதம் முழுக்கக் கொடுக்கவும் கழிக்கவும் சொல்லித்தந்ததில் என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு வேலை, ஓயாத கால்வலி, ஒருவரும் திரும்பக் கேட்காத ஒற்றைச் செருப்பு, அப்புறம் வெறுமனே திருப்பிக் கொடுக்க முடியாத ஓர் ஓமத்தண்ணீர் பாட்டில்.